குளிருக்கு பயந்து ஜன்னலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து! கியாஸ் கீசர், ஹீட்டர், கரி அடுப்பில் இருந்து வரும் விஷ வாயு: தப்பிப்பது எப்படி?

ஊட்டி,

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் வாட்டி எடுக்கும். விடிகாலையில் புல்வெளி முழுக்க உறைபனி படர்ந்து கிடக்கும். தாழ்வான இடங்களில் தண்ணீர் உறையும் அளவுக்கு வெப்பநிலை இறங்கும்.

இந்த குளிருக்கு பயந்து மக்கள் முதலில் செய்யும் வேலை ஜன்னலை சாத்துவதுதான். கதவின் அடியில் சாக்கு போடுகிறார்கள். பாத்ரூம் வெண்டிலேட்டரை அட்டை வைத்தோ, பிளாஸ்டிக் கவர் கட்டியோ அடைத்து விடுகிறார்கள். அதன் பிறகு உள்ளே கியாஸ் கீசரை போடுகிறார்கள். இல்லை என்றால் கரி அடுப்பை கட்டிலுக்கு பக்கத்தில் வைத்து படுத்துக் கொள்கிறார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அடைத்த அறைக்குள் எரியும் தீ ஒரு விஷ வாயுவை கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூக்கு எரியாது, கண் கரிக்காது. தூங்கப்போனவர் தூக்கத்திலேயே இறந்து போவார். குளிக்கப்போனவர் பாத்ரூமிலேயே சுருண்டு விழுவார்.

மலை ஊர்களில் ஒவ்வொரு குளிர் காலத்திலும் இப்படி சாவு செய்தி வந்து கொண்டுதான் இருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், சுவரில் இரண்டு ஓட்டையும் ஒரு புகை குழாயும் இருந்திருந்தால் பல உயிர்களை காப்பாற்றி இருக்கலாம்.

ஒரே அறையில் 8 பேர் பலி

2020-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி நேபாளத்தில் நடந்த சம்பவத்தை பலர் மறந்திருக்க மாட்டார்கள். கேரளாவில் இருந்து 15 பேர் அங்கு சுற்றுலா சென்றிருந்தனர். பொக்காராவை பார்த்துவிட்டு திரும்பும் வழியில், மக்வான்பூர் மாவட்டத்தில் உள்ள தாமன் என்ற மலை ஊரில் ஒரு ரிசார்ட்டில் இரவு தங்கினர்.

தாமன் கிட்டத்தட்ட ஊட்டி மாதிரியான ஊர். கடல் மட்டத்தில் இருந்து 7 ஆயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. ஜனவரியில் குளிர் கடுமையாக இருக்கும். வந்தவர்களில் 8 பேர் ஒரே அறையில் படுத்தனர். குளிர் தாங்காமல் கியாஸ் ஹீட்டர் போட்டிருந்தனர். கதவு, ஜன்னல் எல்லாம் உள்பக்கமாக பூட்டி இருந்தன.

காலையில் 8 பேரும் மயங்கி கிடந்தனர். ஹெலிகாப்டரில் காட்மாண்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயும் ஒருவரைக்கூட காப்பாற்ற முடியவில்லை. இறந்தது இரண்டு தம்பதிகளும் 4 குழந்தைகளும்.

சிலிண்டர் வெடிக்கவில்லை. அறை தீப்பிடிக்கவில்லை. ஹீட்டர் எரிய காற்று வரவும் வழி இல்லை, எரிந்த வாயு வெளியே போகவும் வழி இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

தீயும் மூச்சு விடும்

கியாசை பற்ற வைத்தால் எரிகிறது, இதில் காற்று எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம்.

நாம் உயிர் வாழ ஆக்சிஜன் வேண்டும். தீ எரியவும் அதே ஆக்சிஜன்தான் வேண்டும். காற்றில் 5-ல் ஒரு பங்குதான் ஆக்சிஜன். அதனால் கொஞ்சம் கியாஸ் எரிய நிறைய காற்று தேவைப்படும். ஒரு கிலோ சமையல் கியாஸ் முழுதாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். நம் கணக்கில் சொன்னால் 400 கன அடிக்கு மேல். சிறிய படுக்கை அறையில் பாதி காற்று என்று வைத்துக் கொள்ளலாம்.

வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ கியாஸ். அது காலியாகும்போது அந்த மாதிரி ஏழு, எட்டு அறை காற்றை தின்று முடித்திருக்கும்.

எரிந்த பிறகும் வாயு மறைந்து விடுவதில்லை. ஒரு கிலோ கியாஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாக வரும். கீசர் எரியும்போது பாத்ரூம் கண்ணாடியும் சுவரும் வியர்த்து வழிவதற்கு வெந்நீர் ஆவி மட்டும் காரணம் இல்லை, இதுவும் ஒரு காரணம். எரிந்த வாயு வெளியே போகாமல் உள்ளேயே சுற்றுகிறது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

பாதி வெந்த கியாஸ்

காற்று போதுமான அளவு கிடைத்தால் கியாஸ் நன்றாக எரியும். சுடர் நீலமாக இருக்கும். வருவது கார்பன் டை ஆக்சைடும் ஆவியும்தான்.

அறையில் ஆக்சிஜன் குறைந்தால் கியாஸ் அரைகுறையாக எரியும். அடுப்பில் விறகு சரியாக பிடிக்காமல் புகைகிற மாதிரிதான் இதுவும். ஆனால் கண்ணுக்கு தெரியாது. அப்போது வருவதுதான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனை சுமந்து செல்வது ஹீமோகுளோபின். இந்த ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும் குணம் கார்பன் மோனாக்சைடுக்கு உண்டு. ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் விஷம் உட்கார்ந்து கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போகாது.

இதற்கு அதிக அளவு தேவை இல்லை. 10 ஆயிரம் பங்கு காற்றில் 16 பங்கு கலந்தாலே போதும். 20 நிமிடத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்துவிடும். அங்கேயே இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சாவு. அளவு கூடினால் சில நிமிடங்களே போதும்.

கியாஸ் கசிவு வேறு, இது வேறு

பல பேர் இங்குதான் ஏமாறுகிறார்கள். "கியாஸ் லீக் ஆனால்தான் வாசனை வருமே, நமக்கு தெரிந்துவிடுமே" என்று நினைக்கிறார்கள்.

சமையல் கியாசுக்கு சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக நாற்றம் அடிக்கும் ரசாயனத்தை கலந்து அனுப்புகிறார்கள். கியாஸ் எரிந்துவிட்டால் அந்த நாற்றமும் சேர்ந்து எரிந்து போகும். எரிந்த பிறகு வரும் கார்பன் மோனாக்சைடில் எந்த வாசனையும் இருக்காது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கசியும் சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. தரையோடு படுத்து கிடக்கும். கார்பன் மோனாக்சைடு அப்படி இல்லை. அறை முழுக்க காற்றோடு கலந்து நிற்கும். தரையில் பாய் விரித்து படுத்தாலும் ஒன்றுதான், கட்டிலில் படுத்தாலும் ஒன்றுதான்.

கியாஸ் கசிவை கண்டுபிடிக்கும் அலாரம் வாங்கி மாட்டி இருப்பவர்கள் இதை கவனிக்க வேண்டும். அந்த அலாரம் கார்பன் மோனாக்சைடுக்கு கத்தாது. அதற்கு தனி அலாரம் இருக்கிறது.

மலையில் ஆபத்து கூடுதல்

ஊட்டி சுமார் 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி. மேலே போகப்போக காற்று லேசாகிவிடும். ஊட்டியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதை விட கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போனது. ஆனால் தீக்கு பழக்கம் கிடையாது. சென்னையில் 100 கன அடி காற்றில் எரியும் கியாசுக்கு ஊட்டியில் சுமார் 130 கன அடி காற்று வேண்டும். சமவெளியில் ஏதோ சமாளித்து எரியும் கீசர், மலையில் அதே அளவு பாத்ரூமில் திணறும்.

கீழே யாரும் குளிருக்காக ஜன்னலை அடைத்து வைப்பதில்லை. மலையில் அடைக்கிறார்கள். இரண்டும் சேரும்போதுதான் எமன் வருகிறான்.

பாத்ரூம் கணக்கு

சாதாரண வாடகை வீட்டு பாத்ரூமை எடுத்துக் கொள்வோம். 6 அடி நீளம், 5 அடி அகலம், 8 அடி உயரம். மொத்தம் 240 கன அடி காற்று.

நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சிறிய கியாஸ் கீசர், மணிக்கு முக்கால் கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை கியாஸ் எரிக்கும். சமையல் அடுப்பில் நான்கைந்து பர்னரை ஒன்றாக பற்ற வைத்த மாதிரி. குளிக்கும் அறைக்குள் நான்கைந்து அடுப்பை எரிய விட்டு கதவை சாத்துவோமா? கீசர் பெட்டிக்குள் மறைந்திருப்பதால் நமக்கு அது அடுப்பாக தெரிவதில்லை.

ஒருவர் கால் மணி நேரம் குளித்தால் சமவெளி கணக்கிலேயே 80 முதல் 100 கன அடி காற்று வரை தேவைப்படும். பாத்ரூமில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஊட்டி கணக்கில் பார்த்தால் பாதிக்கு பக்கத்தில் வரும்.

ஒருவர் குளித்து வந்ததும் அடுத்தவர் உள்ளே போகிறார். அவர் வந்ததும் இன்னொருவர். பள்ளிக்கூடம், வேலை என்று காலையில் அவசரம். முதலில் குளித்தவருக்கு ஒன்றும் ஆகாது. மூன்றாவது, நான்காவதாக குளிப்பவர்தான் மாட்டிக்கொள்வார். "அப்பா நல்லாத்தானே குளிச்சிட்டு வந்தார்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளை உள்ளே போகும்.

கியாஸ் கீசர் பாத்ரூமில் வலிப்பு வந்து விழுந்தவர்களை பற்றி இந்திய நரம்பியல் டாக்டர்கள் மருத்துவ இதழ்களில் எழுதி இருக்கிறார்கள். சிலருக்கு காக்காய் வலிப்பு நோய் என்று நினைத்து சிகிச்சை தொடங்கும் நிலை வந்திருக்கிறது. விசாரித்து பார்த்தால் பாத்ரூமில் கியாஸ் கீசர் இருந்தது தெரியவந்தது.

அமெரிக்காவில் என்ன விதி?

குளிர் நாடுகளில் வீட்டையே கியாஸ் உலை வைத்து சூடாக்குகிறார்கள். அமெரிக்காவில் பல வீடுகளில் இந்த உலை உண்டு. அடிபட்டு, உயிர்களை பறிகொடுத்த பிறகுதான் அவர்களும் விதிகளை உருவாக்கினார்கள்.

உலை இருக்கும் இடத்தின் காற்றையே அது எரிய பயன்படுத்துவதாக இருந்தால், அந்த இடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அங்கு அளவு வைத்திருக்கிறார்கள். நம் 6 லிட்டர் கீசரை அந்த அளவில் பார்த்தால் சுமார் 1,800 கன அடி இடம் வேண்டும். அதாவது 15 அடி நீளம், 15 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள ஹால். நம் பாத்ரூமை போல ஏழரை மடங்கு. அதுவும் எரிந்த வாயுவை வெளியே கொண்டு போக புகை குழாய் உள்ள சாதனத்துக்குதான் இந்த கணக்கு.

இடம் சிறிதாக இருந்தால் வெளிக்காற்றுக்கு இரண்டு திறப்பு வைப்பது அங்கே ஒரு வழி. ஒன்று கூரையில் இருந்து ஒரு அடிக்குள், இன்னொன்று தரையில் இருந்து ஒரு அடிக்குள். சூடான காற்று மேல் ஓட்டை வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப கீழ் ஓட்டை வழியாக புது காற்று வரும். ஒரே ஒரு சின்ன ஓட்டை இருந்தால் இந்த ஓட்டம் சரியாக நடக்காது. வெளியே போகும் காற்றும் உள்ளே வரும் காற்றும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும்.

நம் ஊர் வெண்டிலேட்டர் எப்போதும் உயரத்தில்தான் இருக்கும். கீழே திறப்பு இருக்காது. கதவின் அடியில் உள்ள இடைவெளிதான் ஒரே வழி. அதையும் மிதியடி போட்டு அடைத்து விடுகிறோம்.

புகை குழாய் எப்படி இருக்க வேண்டும்?

கடையில் கிடைக்கும் கியாஸ் கீசரை மூன்று வகையாக பார்க்கலாம்.

முதல் வகையில் புகை குழாயே கிடையாது. எரிந்த வாயு கீசரின் மேல் பக்க இடுக்கு வழியாக நேராக அறைக்குள் வரும். விலை குறைவு என்பதால் இதைத்தான் அதிகம் பேர் வாங்குகிறார்கள். இதை பாத்ரூமுக்குள் மாட்டவே கூடாது.

இரண்டாவது வகையில் மேலே குழாய் மாட்டும் வாய் இருக்கும். எரிந்த வாயு குழாய் வழியாக வெளியே போகும். ஆனால் எரிய வேண்டிய காற்றை அறையில் இருந்துதான் எடுக்கும். எனவே குழாய் இருந்தாலும் அறைக்கு காற்று வர திறப்பு வேண்டும்.

மூன்றாவது வகை மூடிய பெட்டி. காற்றை வெளியில் இருந்தே இழுத்து, எரிந்ததை வெளியிலேயே தள்ளும். மூன்றிலும் பாதுகாப்பானது இதுதான். விலை அதிகம்.

குழாய் மாட்டும்போது சில விஷயங்களை கவனிக்க வேண்டும். குழாய் மேல் நோக்கி ஏற வேண்டும். வளைவு குறைவாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், சூட்டில் உருகிவிடும். தகடு குழாய்தான் சரி. குழாயின் முனை கட்டாயம் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சீலிங்குக்கு மேலே காலி இடத்தில் விட்டாலோ, பக்கத்து அறையில் விட்டாலோ, பக்கத்து வீட்டு ஜன்னல் ஓரம் விட்டாலோ விஷத்தை இடம் மாற்றி வைத்த கதைதான்.

மழை, எதிர்காற்று உள்ளே புகாமல் முனையில் தொப்பி மூடி வேண்டும். நாள் கணக்கில் எரிக்காமல் விட்டால் குருவி கூடு கட்டும், குளவி கூடு கட்டும். சீசன் தொடங்கும் முன்பு ஒரு தடவை பார்த்து சுத்தம் செய்ய வேண்டும்.

எக்சாஸ்ட் பேன் செய்யும் துரோகம்

"எங்க பாத்ரூம்ல எக்சாஸ்ட் பேன் இருக்கே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

பேன் காற்றை வெளியே தள்ளும். அதே அளவு காற்று வேறு எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவும் ஜன்னலும் இறுக்கமாக மூடி இருந்தால் பேன் எங்கிருந்து இழுக்கும்? திறந்து இருக்கும் ஒரே வழி கீசரின் புகை குழாய். வெளியே போக வேண்டிய வாயுவை அந்த பேனே குழாய் வழியாக திரும்ப அறைக்குள் இழுத்து விடும்.

எனவே பேன் இருந்தாலும் கீழே காற்று வர திறப்பு கட்டாயம் வேண்டும்.

குழாய் சரியாக இழுக்கிறதா என்று பார்க்க சுலபமான வழி இருக்கிறது. கதவு, ஜன்னலை வழக்கம் போல மூடி, பேனையும் போட்டு, கீசரை ஐந்து நிமிடம் எரிய விட வேண்டும். பிறகு ஒரு ஊதுபத்தியை கொளுத்தி, குழாய் தொடங்கும் இடத்தில் உள்ள இடுக்குக்கு அருகில் பிடிக்க வேண்டும். புகை உள்ளே இழுக்கப்பட்டால் குழாய் வேலை செய்கிறது. புகை அறை பக்கமாக திரும்பி வந்தால் விஷமும் அப்படித்தான் வருகிறது. உடனே கீசரை அணைத்து, கதவை திறந்து வெளியே வந்துவிட வேண்டும். மெக்கானிக் பார்க்கும் வரை அதை தொடக்கூடாது.

சுடரையும் பார்க்க வேண்டும். மஞ்சளாக ஆடி எரிந்தாலோ, கீசர் மேல் கரி படிந்து இருந்தாலோ அது எச்சரிக்கை. ஆனால் நீலமாக எரிகிறது என்பதால் மட்டும் பயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பல கீசர்களில் 20 நிமிடத்தில் தானாக அணையும் வசதி உண்டு. அது விஷ வாயுவை அளந்து அணைவது அல்ல. வெறும் நேர கணக்கு. மறுபடி குழாயை திறந்தால் மறுபடி எரியும்.

இந்த கீசர்களுக்கு என்றே இந்திய தர நிர்ணய அமைவனம் 2005-ல் ஐ.எஸ். 15558 என்ற தரத்தை கொண்டு வந்தது. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முத்திரை உள்ள கீசராக இருந்தாலும் மாட்டும் இடம் தப்பாக இருந்தால் பயன் இல்லை.

தணல்தான், புகை இல்லையே!

கீசர் வாங்க வசதி இல்லாதவர்களுக்கும், கூலி வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கி இருப்பவர்களுக்கும் கரி அடுப்புதான் கதி. தேயிலை தோட்ட லைன் வீடுகளிலும் இது உண்டு. சுற்றுலா வருபவர்கள் வெளியே கோழி சுட்ட அடுப்பை, சூடு ஆறவில்லை என்று அறைக்குள் எடுத்து வருவதும் உண்டு.

விறகு எரியும்போது புகை வரும், கண் எரியும், இருமல் வரும். உடம்பே எச்சரிக்கும். கரி தணலாகிவிட்டால் புகை இருக்காது. "தணல்தானே, ஒன்றும் ஆகாது" என்று நினைக்கிறார்கள். உண்மையில் கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது தணலில் இருந்துதான். மேலே சாம்பல் மூடினாலும் அடியில் கனன்று கொண்டே இருக்கும். விடியும் வரை விஷம் கக்கும்.

பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் விஷத்தை இழுத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைவது மிக மிக குறைவு. ஒரு பாத்திரம் அல்ல, ஒரு தொட்டி தண்ணீர் வைத்தாலும் பயன் இல்லை.

வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் கட்டிய பழைய பங்களாக்களை பார்த்தால் ஒன்று புரியும். அறைக்குள் கணப்பு இருக்கும். அதற்கு மேலே கூரையை தாண்டி புகைபோக்கி நிற்கும். நம் பெரியவர்களும் வெந்நீர் அடுப்பை கொல்லைப்புறத்தில்தான் வைத்தார்கள். அடுப்பு மட்டும் உள்ளே வந்துவிட்டது. புகைபோக்கி வரவில்லை.

அறிகுறி என்ன?

முதலில் தலைவலி வரும். பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், வாந்தி, நெஞ்சு படபடப்பு. கை, கால் தளர்ந்து போகும். பலர் பித்தம் என்றோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்து படுத்து விடுகிறார்கள். படுத்தால் அவ்வளவுதான்.

விஷயம் புரிந்தாலும் எழுந்து நடக்க முடியாமல் போவதுதான் இதில் பெரிய கொடுமை. கதவு நான்கு அடி தூரத்தில் இருக்கும். கால் வராது.

ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் சந்தேகப்பட வேண்டும். வெளியே வந்தால் சரியாகி, உள்ளே போனால் மறுபடி வந்தால் சந்தேகமே வேண்டாம். வீட்டு நாய், பூனை சோர்ந்து கிடந்தாலும் கவனிக்க வேண்டும்.

குழந்தைகள், வயதானவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகளுக்கு ஆபத்து அதிகம். கர்ப்பிணி பிழைத்துக்கொண்டாலும் வயிற்றில் உள்ள குழந்தை தாங்காமல் போகலாம்.

கொரோனா காலத்தில் பல வீடுகளில் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி வாங்கி வைத்தார்கள். இந்த விஷத்துக்கு அதை நம்பக்கூடாது. விஷம் ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்றே அது காட்டும். 98 என்று காட்டும்போதே ஆள் செத்துக்கொண்டு இருப்பார்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

பாத்ரூமில் போனவர் கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லை என்றால் தயங்காமல் கதவை உடைக்க வேண்டும். காப்பாற்ற போகிறவர் வெளியே நன்றாக மூச்சு இழுத்து, அடக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தடுமாறினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். ஒருவரை காப்பாற்றப்போய் இன்னொருவரும் விழுந்துவிடக்கூடாது.

ஜன்னல், கதவை திறந்து, மயங்கியவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வர வேண்டும். கைக்கு எட்டினால் கியாசை அணைக்கலாம். ஆளை வெளியே கொண்டு வருவதுதான் முதல் வேலை. மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தி முதல் உதவி செய்ய வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. 108 ஆம்புலன்சை கூப்பிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் "பாத்ரூமில் கியாஸ் கீசர் எரிந்தது", "அறையில் கரி அடுப்பு இருந்தது" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வலிப்பு, மாரடைப்பு என்று வேறு வழியில் போய்விடும்.

சாதாரண காற்றில் ரத்தத்தில் உள்ள விஷம் பாதியாக குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். எனவே மயக்கம் தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக்கூடாது. சிலருக்கு நன்றாகி வீட்டுக்கு வந்த பிறகு சில நாட்களிலோ, வாரங்களிலோ ஞாபக மறதி, நடை தடுமாற்றம் வரலாம் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

சொந்த வீட்டுக்காரர் சுவரை உடைத்து ஓட்டை போடலாம். வாடகைக்கு இருப்பவர் ஒரு ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டி இருக்கிறது. ஆனால் உள்ளே படுத்து தூங்குவது அவரும் அவர் பிள்ளைகளும்தானே.

இதற்கு செலவு குறைந்த வழி கீசரை பாத்ரூமுக்கு வெளியே கொண்டு போவதுதான். பாத்ரூம் வெளிச்சுவரில், நன்றாக காற்று வரும் இடத்தில், மழை படாமல் ஒரு தகடு கூரை போட்டு கீசரையும் சிலிண்டரையும் வைக்கலாம். வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வந்தால் போதும். சில அடி குழாயும் ஒரு நாள் பிளம்பர் கூலியும்தான் செலவு. வீட்டு உரிமையாளரிடம் இதை கேட்டு வாங்க வேண்டும். பாத்ரூமில் கீசர் மாட்டி வாடகைக்கு விடுபவர்களும் யோசிக்க வேண்டும்.

உடனே மாற்ற முடியாதவர்கள் பாத்ரூமுக்குள் போகும் முன்பே பக்கெட்டில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்து, கதவை சில நிமிடம் திறந்து வைத்துவிட்டு குளிக்கலாம். சமையல் அடுப்பில் வெந்நீர் வைத்து தூக்கி வந்தாலும் நல்லதுதான்.

லாட்ஜ், காட்டேஜில் தங்க போகிறவர்கள் சாவி வாங்கியதும் பாத்ரூமை பார்க்க வேண்டும். உள்ளே கியாஸ் கீசர் இருந்தால் வேறு அறை கேட்க வேண்டும். குளிர்கிறது என்று கரி அடுப்போ, கியாஸ் ஹீட்டரோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி, கூடுதலாக இரண்டு கம்பளி கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.

மறக்கக்கூடாதவை

* குளிக்கும் அறை, தூங்கும் அறைக்குள் கியாஸ் கீசர் வேண்டாம். புகை குழாய் இல்லாத கீசர் என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

* கியாஸ் எரியும் இடத்தில் மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு. எவ்வளவு குளிர் என்றாலும் அதை அடைக்கக்கூடாது.

* புகை குழாயின் முனை வீட்டுக்கு வெளியே. வருடம் ஒரு முறை மெக்கானிக்கை வைத்து கீசரையும் குழாயையும் பார்க்க வேண்டும்.

* கரி அடுப்பில் வீட்டுக்கு வெளியே குளிர் காயலாம். தூங்கும் முன்பு தண்ணீர் ஊற்றி அணைத்து, வெளியிலேயே வைத்துவிட வேண்டும்.

* சமையல் அடுப்பை எரிய விட்டு அறையை சூடாக்கக்கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, ஜன்னல் ஓரமோ ஓட்டக்கூடாது.

* முடிந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி தூங்கும் அறைக்கு பக்கத்தில் மாட்ட வேண்டும். பேட்டரியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

* கியாஸ் நாற்றம் அடித்தால் சுவிட்சை தொடாமல், ஜன்னலை திறந்து, ரெகுலேட்டரை அணைத்து 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். தலைவலி, மயக்கம் என்றால் 108.

குளிருக்கு கம்பளி இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது. ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்து வைத்து கொஞ்சம் நடுங்கியவர் யாரும் அதனால் சாகவில்லை. இன்று இரவு படுக்கும் முன்பு வீட்டு வெண்டிலேட்டரை ஒரு தடவை பாருங்கள். அட்டை வைத்து அடைத்து இருந்தால் முதலில் அதை எடுங்கள்.